அடங்கி ஒலிக்கும் இசை

தமிழ் எழுத்துகளுக்கு அளவு வகுத்த பண்டை இலக்கண ஆசிரியர்கள், கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் ஒரு மாத்திரையாகக் கொண்டனர் என்பதை மாணவர்கள் முன்னரே கற்றிருப்பீர்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. அவர்கள் அவ்வளவோடு அமைந்துவிடவில்லை. 'நாடு' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரம் முழுமையாக ஒலியாமல் பாதியளவாய் அடங்குவதைச் செவியாலே கண்டு, அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டனர். 'போலும்' என்பது செய்யுளில் 'போன்ம்' எனத் திரியுமிடத்து, ஈற்று மகரம் அரை மாத்திரையினும் குறைந்து கால் மாத்திரையே ஒலிப்பதையும் விடாது குறித்தனர். கண்ணிமைக்கும் பொழுதில் நான்கில் ஒரு கூறு! அதனைக் கேட்டறிந்த செவி எத்தகைய செவியாக இருந்திருத்தல் வேண்டும்!

இவ்விலக்கணத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நடத்தியவன் யான். ஆயினும், அடங்கிய ஒலியைக் கேட்கும் ஆற்றல் எனக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. அதனால் நேர்ந்த இழப்பு என்னுடையது மட்டுமன்று. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

எங்கள் ஊர் தஞ்சைக்கு அணித்தே, குடமுருட்டியாற்றின் கரையில் உள்ளது. காவிரி நாட்டு ஊர்களில் ஒலிக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழா, திருமணம், காதணி விழா ஆகிய எதுவாயினும் ஒலிபெருக்கி முதலில் வந்து தென்னையில் ஏறிவிடும். திருவிழா இரவில் 'மெல்லிசைக் கச்சேரி' என்று ஒன்று நடைபெறும். மென்மையான இசை என்பதே அச்சொல்லின் பொருள். மூன்று கல் தொலைவில் உள்ள ஊராரையும் உறங்கவொட்டாமல் செய்யும் இசைக்கு இப்பெயர் எவ்வாறு அமைந்தது என்பது என் போன்ற சொல்லாராய்ச்சியாளருக்கு இன்னும் விளங்காத புதிர்.

ஓங்கி ஒலிப்பதெல்லாம் தாழ்ந்த இசை என்று எவரும் கொள்ளற்க. நாகசுரம் திறந்த வெளிக்கென்றே அமைந்த கருவி. நான்கு வீதிகளிலும் தேர்ப்பின் நடக்கும் மக்களுக்குக் கேட்க வேண்டிய கருவி வீட்டுக்கூடத்து அளவில் ஒலித்தால் பயன் என்ன? திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தோடிப் பண்ணை விரித்து வாசித்த முறையைக் கேட்டவர்கள், அப்பேரொலிக்குள்ளும் அவர் ஒரு சுரத்தில் நின்று, அடுத்த சுரத்திற்குச் செல்லாமல் நம்மைக் காக்க வைக்கும் திறத்தையே வியப்பர். ஆதலின் அடக்கம் என்பது ஒலியின் அளவைப் பொறுத்ததன்று. சொல்லக் கூடியது அனைத்தையும் சொல்லிவிடாமல் நிறுத்துகின்ற மனத்தைப் பொறுத்தது. எனினும், இயல்பாகவே அடங்கி ஒலிக்கும் கருவி ஒன்று நம் தஞ்சையில் உண்டு. அதுவே வீணை.

இன்று நாம் காணும் வீணைக்கு 24 மெட்டுகளை நிலையாக அமைத்த பெருமையைத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திற்கு, அஃதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியதாக இசை நூலார் கூறுவர். அதனால் இக்கருவியைத் தஞ்சாவூர் வீணை என்றே வழங்குகின்றனர். பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் செய்வர். தண்டியின் முனையில் யாளி முகம் அமைப்பர். அதன் கீழ்ச் சுரைக்குடுக்கை ஒன்று பொருத்துவர். தந்திகள் ஏழு. அவற்றுள் நான்கு பண் இசைப்பதற்கும், மூன்று தாளத்திற்கும் சுருதிக்கும் உரியவை. முத்துச்சாமி தீட்சிதர் வீணை வல்லுநர். அவருடைய பாடல்கள் விரைந்தோடாமல் நின்று நிதானித்துச் செல்வதற்கு வீணைப் பயிற்சியே காரணம் என்று அறிந்தோர் உரைப்பர்.

வீணையின் இயல்பை அறிய விரும்புவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். குழலின் ஒலி மூச்சுள்ளவரை நிற்கும். பிடிலின் ஒலி வில் செல்லுமளவும் நிற்கும். வீணைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மீட்டிய கணத்திலேயே அதன் ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. தேய்கின்ற அவ்வொலி மறையுமுன், இடக்கை விரல் தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுக்கிறது. அடுத்த சுரம் பிறக்கிறது. இன்னும் சிறிது இழுக்க மூன்றாவது சுரம் பிறக்கிறது. இவை புதிதாக மீட்டப்பட்டவை அல்ல. முதல் மீட்டில் எஞ்சிய ஒலியிலிருந்து எடுக்கப்பட்டவை. முதற் சுரத்தினும் இரண்டாவது மெல்லியது. இரண்டாவதினும் மூன்றாவது மெல்லியது. பண்ணின் உயிர் பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. முதல் ஒலியை மட்டும் கேட்டுவிட்டு 'அவ்வளவுதான்' என்று எழுந்து போகிறவன், குற்றியலுகரத்தைக் கேளாமல் 'நாடு' என்பதை 'நாட்' என்று எழுதும் மாணவனுக்கு ஒப்பாவான்.

இம்மெல்லிய ஒலியையே தம் வாழ்நாள் முழுதும் நம்பி இருந்த ஒருவர் வீணை தனம்மாள். அவர் 1867-இல் சென்னையில் பிறந்தவர். ஆயினும் அவருடைய குடும்பத்தின் வேர் தஞ்சையில் இருந்தது. அவர்தம் பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். தஞ்சை அரசு மறைந்த பின்னர்க் கலைஞர் பலர் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். சியாமா சாஸ்திரியார் வழியில் வந்த பாடல்களை அக்குடும்பத்தார் போற்றிக் காத்தனர்.

தனம்மாள் தந்தியை விரல்களாலேயே மெல்ல மீட்டுவார். உடன் தாமும் தாழ்ந்த குரலில் பாடுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய இல்லத்தில் அன்பர்கள் கூடுவர். பேரரங்கும் இல்லை, விளம்பரமும் இல்லை. இசையறிந்தோர் பலரும் அச்சிறு கூடத்தில் ஒடுங்கி அமர்ந்து கேட்டனர். எவரேனும் பேசினாலும் அரவம் செய்தாலும் அவர் பொறுக்கமாட்டார்; வாசிப்பை நிறுத்திவிடுவார் என்பர். இதனைச் சிலர் செருக்கு என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கால் மாத்திரை ஒலியைக் கையில் ஏந்தி ஒருவர் நமக்குத் தர வரும்பொழுது, நாம் இருமிக்கொண்டும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டும் இருந்தால் அவர் வேறு என்ன செய்வார்? இறுதிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. பொருள் வளமும் இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலைகள் நின்றுபோகவில்லை. அவர் 1938-இல் மறைந்தார்.

அவர் பெரிதும் விரும்பி இசைத்தவை பதங்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் பாடிய பதங்கள் அவற்றுள் தலையாயவை. கனம் கிருஷ்ணையர் தமிழில் இயற்றிய பதங்களையும் அவர் குடும்பத்தார் பாடிவந்தனர். கனம் என்பது உரத்த குரலெடுத்துப் பாடும் ஒரு முறை. அதில் வல்லவராய் விளங்கியதனாலேயே கிருஷ்ணையருக்கு அவ்வடைமொழி வந்தது. அவருடைய வரலாற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தனி நூலாகவே எழுதியுள்ளார். முழங்கும் குரலால் பெயர் பெற்ற அவர் இயற்றிய பதங்களோ, தாழ்ந்த குரலில் மெல்லப் பாடினாலன்றிச் சுவை தாரா. பதத்தில் பேசுகிறவள் பெரும்பாலும் ஒரு தலைவி. அவள் தன் தோழியிடம் பேசுகிறாள். தோழியிடம் தன் மனத்துயரைச் சொல்லுகிறவள் ஊரறியக் கூவுவாளா? நம் அகப்பாடல்களில் தலைவி எவ்வாறு பாதி சொல்லிப் பாதியை மறைக்கிறாளோ, பதத்தின் தலைவியும் அவ்வாறே செய்கிறாள். மிகத் தாழ்ந்த நடையில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நெடிய வெளி விட்டு, அப்பாடல்கள் செல்லும். அந்த வெளியில் கேட்பவர் மனம் தானாகச் சென்று நிரம்ப வேண்டும்.

நிரம்புகின்ற மனம் தவறாகவும் நிரம்பக் கூடும். அதற்குச் சான்று நம் காவிரியின் கழிமுகத்திலேயே உண்டு. இந்திர விழாவின் இறுதியில் புகார்க் கடற்கரையில் மாதவி யாழைப் பண்ணுறுத்திக் கோவலன் கையில் தருகிறாள். அவன் காவிரியையும் கானலையும் பாடுகிறான். பாட்டில் வரும் பெண் வேறொருத்தியோ என்று அவள் ஐயுறுகிறாள். பின் யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். அந்தப் 'போல' என்பதை அவன் கேட்கவில்லை. பாட்டின் ஓசையைக் கேட்டான். அதன் கீழே அடங்கி நின்ற ஊடலைக் கேளாமல் எழுந்து போனான். சிலப்பதிகாரத்தின் பெருந்துயர் முழுதும் அவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது. ஊழ்வினை என்று அடிகள் உரைத்தார். செவிப்பிழையும் அதனுள் ஒரு கூறு என்று யான் மாணவர்க்குச் சொல்லுவதுண்டு.

இனி என் செவிப்பிழையைச் சொல்லுகிறேன்.

என் தமக்கையார் இளமையில் வீணை பயின்றார். தஞ்சையிலிருந்து முதிய ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை பேருந்தில் வந்து கற்பிப்பார். அக்கா மாலை விளக்கேற்றியதும் கூடத்தில் அமர்ந்து வாசிப்பார். எனக்கு அப்பொழுது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது இருக்கும். ஒருநாள் உறவினர் பலர் வீட்டிற்கு வந்திருந்தனர். உணவு முடிந்தபின், எம் தந்தையார், "ஒரு பாட்டு வாசி, அம்மா" என்றார். அவர் மிகத் தாழ்ந்த நடையில் ஒரு பதத்தைத் தொடங்கினார். கொல்லையில் ஏனம் கழுவும் ஓசை, திண்ணையில் பேச்சு, நடுவே அந்த வீணை. யான் உரத்த குரலில், "ஒன்றுமே காதில் விழவில்லை! வானொலிப் பெட்டியையாவது வையுங்கள்!" என்றேன். அனைவரும் நகைத்தனர். அக்காவும் சிறிதே நகைத்தார். பாட்டை முழுதும் வாசித்து முடித்து, வீணையின்மேல் துணியைப் போர்த்தி எழுந்து சென்றார்.

அதன்பின் அவர் பிறர் முன்னிலையில் வாசித்ததை யான் கண்டதில்லை. எவரேனும் கேட்டால், "பழக்கம் விட்டுப்போயிற்று" என்பார். திருமணமாகி மன்னார்குடிக்குச் சென்றார். வீணையும் உடன் சென்று, சில ஆண்டுகளில் பரணில் ஏறியது. யான் சொன்ன சொல்லை யான் மறந்துவிட்டேன். சொன்னவன் மறப்பது எளிது.

ஆண்டுகள் பல சென்றன. பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சிறிது முன்னர், இசையார்வம் மிக்க நண்பர் ஒருவர் தனம்மாளின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து படியெடுத்த ஒலிப்பதிவு ஒன்றை எனக்குத் தந்தார். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும். முதன்முறை கேட்டபொழுது தட்டின் கீறல் ஒலியே மிகுதியாகக் கேட்டது. நெற்பொரி வறுக்கும் ஓசை போன்றிருந்தது. நண்பர் மனம் நோகாதிருக்க மறுமுறையும் கேட்டேன். இரவு, வீட்டார் உறங்கிய பின், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு மூன்றாம் முறை கேட்டேன். அப்பொழுதுதான் கீறல் ஒலியின் கீழே ஓர் ஒலி செல்வது புலனாயிற்று. மீட்டிய ஒலி தேய்ந்து, இனி இல்லை என்று எண்ணுமளவில், அங்கிருந்து இன்னொரு சுரம் எழுந்தது. அதைப் பற்ற முயன்றேன், அதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி கேட்டேன். அக்காவின் பாட்டும், என் சொல்லும், உறவினர் நகைப்பும் ஒருங்கே நினைவிற்கு வந்தன. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதற்கிடையே ஒன்று குறிப்பிடல் வேண்டும். என் பேத்தி கல்லூரியில் பயில்கிறாள். எந்நேரமும் காதில் ஒரு சிறு கருவியைச் செருகிக்கொண்டிருப்பாள். இந்நாளில் இளைஞர் சிலர் திரைப்படத்தைச் சாராமல் தாமே எழுதித் தாமே மெட்டமைத்து, ஒரு கிதாருடன் தம் அறையில் இருந்தே பாடி வெளியிடுகின்றனர். அத்தகைய பாட்டு ஒன்றை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாங்கிக் காதில் வைத்தேன். பாடுகிறவன் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாடினான். பாட்டின் நடுவே அவன் மூச்சு வாங்குவதும் கேட்டது. "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்க வாயெடுத்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குரல் என் நினைவிற்கு வரவே, வாயை மூடிக்கொண்டேன்.

பிரேசில் நாட்டில் 1958-ஆம் ஆண்டளவில் இத்தகைய ஒரு மாறுதலை நிகழ்த்தியவர் ஜோவோ கில்பர்ட்டோ என்பவர். அந்நாட்டின் சாம்பா இசை (நம் சம்பா நெல்லோடு இதற்கு உறவில்லை) முரசுகளின் முழக்கத்தோடு வீதிகளில் நடைபெறுவது. அவர் அதனை ஒரு கிதாருக்குள் அடக்கி, ஏறத்தாழக் காதோடு பேசும் குரலில் பாடினார். ஒலிவாங்கி இல்லையேல் அக்குரல் பலருக்கு எட்டியிராது. கூவுகிறவனின் குரலை இன்னும் பெருக்குவதற்கே அக்கருவி பிறந்தது என்று நாம் எண்ணியிருக்கிறோம். மெல்லப் பேசுகிறவனின் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் அமர்த்துவதும் அதனால் இயலும். தனம்மாளின் கூடத்தில் இடம் பெற்றவர் சிலரே. என் பேத்தியின் காதில் செருகிய கருவியும் ஒரு சிறு கூடமே. அவள் கேட்கும் பாட்டுகள் எல்லாம் நல்லவை என்று யான் சொல்லமாட்டேன். மெல்லப் பாடியதனாலேயே ஒரு பாட்டு ஆழமுடையதாகிவிடாது. சொல்லுவதற்கு ஒன்றுமில்லாதவனும் தாழ்ந்த குரலில் பேசலாம். ஆயினும் நான்கு பாட்டுகளில் ஒன்றிலேனும் அந்த மூன்றாவது சுரத்தை ஒப்பது ஏதோ ஒன்று இருந்தது.

மன்னார்குடிக்குச் சென்றேன். அக்காவிடம், "அக்கா, வீணை இருக்கிறதா?" என்றேன்.

"இருக்கிறது, தம்பி. விறகாக இருக்கிறது" என்றார்.

பரணிலிருந்து இறக்கினோம். வீணையின் மெட்டுகள் தேன்மெழுகில் பதிக்கப்பட்டவை. கோடை பல கண்ட அம்மெழுகு இளகிச் சரிந்திருந்தது. மெட்டுகள் சில சாய்ந்தும், சில கழன்றும் கிடந்தன. அதனைத் துணியில் சுற்றித் தஞ்சைக்குக் கொண்டு சென்றோம். அங்கே வீணை செய்யும் தொழிலாளர் ஒருவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகில் கரிப்பொடி கலந்து தண்டியின் இருமருங்கும் வைத்தார். பின் ஒவ்வொரு மெட்டாக மெழுகில் அமர்த்தி, தந்தியை மீட்டிக் கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடி மீட்டிக் கேட்டார். 24 மெட்டுகளுக்கும் அவ்வாறே செய்தார். இதனை அவர்கள் மேளம் கட்டுதல் என்பர். அளவுகோல் ஒன்றும் அவர் கையில் இல்லை. யான் அருகில் அமர்ந்து அவரோடு உரையாட முயன்றபொழுது, "ஐயா, கொஞ்சம் பேசாமல் இருங்கள்" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீணை எங்கள் ஊர் வீட்டிற்கே வந்தது. அன்று மாலை அக்கா அதே கூடத்தில் அமர்ந்தார். அவருக்கு எழுபதை அணுகும் வயது, விரல்கள் விறைத்திருந்தன. "பாட்டு வராது, பார்க்கலாம்" என்றார். சுருதி சேர்த்துக்கொண்டு, பழைய பதத்தின் தொடக்கத்தை மீட்டினார். அப்பொழுது பக்கத்து வயலில் குறுவை நடவிற்கு நீர் இறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவர் கையைத் தந்தியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காதில் விழாதே, தம்பி" என்றார்.

"நிற்கட்டும், அக்கா. காத்திருப்போம்" என்றேன்.

என் பேத்தி காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களருகில் வந்து அமர்ந்தாள். விளக்கைச் சுற்றி ஈசல்கள் பறந்தன. அரை மணிக்குமேல் ஆயிற்று, ஒருவரும் எழவில்லை. வயலில் இயந்திரம் நின்றது. வாய்க்காலில் நீர் செல்லும் ஓசை சிறிது நேரம் கேட்டது. அதன்பின் அக்கா தொடங்கினார்.